ருக்குமணி அக்காவின் முறுக்குக் கண்ணி

ருக்குமணி அக்காவைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும், செத்த புருஷனை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அக்கா சுவெட்டர் பின்னுவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டவுனில் ஜலால் பாய் கடைக்குப் பழைய உடுப்பு மூட்டை மூட்டையாக வரும். அதிலிருந்து கம்பளி உடுப்பாகப் பார்த்து வாங்கி, கண்ணி கண்ணியாகப் பிரித்து, நூல் எப்படி உள்ளே போயிருக்கிறது, எப்படி வெளியே வந்திருக்கிறது என்று பார்த்தே கற்றுக்கொண்டார். லயத்தில் பாதிப் பிள்ளைகள் குளிருக்குப் போட்டது அக்கா பின்னியதுதான்.

நான் வம்பு பேசப் போனால் பின்னலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எல்லாக் கண்ணியையும் ஒரே பக்கமாக இழுத்தால் முன்பக்கம் வழவழப்பாகவும் பின்பக்கம் மேடு மேடாகவும் வரும். பார்க்க அழகு, ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். ஒரு கண்ணி அறுந்தால் மேலிருந்து கீழ்வரை ஓடிவிடும். ஒரு கண்ணி முன்னால், ஒரு கண்ணி பின்னால் என்று மாற்றிப் போட்டால் துணி இழுத்த இழுப்புக்கு வரும், விட்டால் சுருங்கும். அது கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும். இரண்டு பக்கமும் மேடாக வருகிற பின்னல் தடியாக, சுருளாமல் கிடக்கும். அது கைக்குழந்தைக்கு. மிஷினில் வருகிற வலைத்துணி மட்டும் அவருக்கு ஆகாது. அதில் ஆயிரம் நூல் பக்கத்துப் பக்கத்து நூலோடு கோத்துக்கொண்டு மேலே போகும்.

"கத்தரிச்சாலும் பிரியாது பவளம். புடிவாதம் புடிச்ச துணி லா அது" என்பார்.

பிரித்த நூல் நேராக இருக்காது. பழைய கண்ணியின் வளைவு அதில் அப்படியே இருக்கும். நனைத்து, கயிற்றில் தொங்கவிட்டு, நுனியில் கல்லைக் கட்ட வேண்டும். மூடுபனி இறங்குகிற நாளில், யாரும் தொடாமல் அந்தக் கல் மெதுவாகச் சுற்றும். நூல் தன் பழைய முறுக்கைத் தேடுகிறதாம். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காது.

தானாகக் கற்றதில் ஒரு தப்பும் சேர்ந்து வந்துவிட்டது. பிரித்துப் பிரித்துப் பார்த்தே பழகியதால் ஊசியைக் கண்ணியின் பின்பக்கமாக விடுவார். அதனால் அவருடைய ஒவ்வொரு கண்ணியும் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கும். துணி கெட்டியாக வரும், அவ்வளவாக இழுபடாது. முறையாகப் பின்னத் தெரிந்த தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ்கூட அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தத் தப்பு உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் அக்கா. மற்றவர் அவர் புருஷன் நாகப்பன். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் பின்னப் பழகினார். ஆம்பளைக்கு இது என்ன வேலை என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

எழுபத்தாறாம் வருஷம் மழையில் அவர் காணாமல் போனார். பதினோராம் நம்பர் மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போனவர், சாயங்காலம் திரும்பவில்லை. காட்டோரத்தில் வெட்டுக்கத்தியும் சோற்று டப்பாவும் கிடந்தன. பத்து நாள் தேடினார்கள். அவர் போட்டிருந்தது அக்கா பின்னிய சுவெட்டர், பச்சை நூலோடு ஒரு சாம்பல் நூலையும் சேர்த்துப் பின்னியது. அதில் ஒரு இழைகூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பதினோராம் மலையில் ஆரம்பித்தது. மூடுபனிக்குள் நாலு வரிசைக்கு மேலே பச்சைச் சுவெட்டர் போட்ட ஒரு முதுகு தெரியும். பனி விலகினால் செடிதான் இருக்கும். கவ்வாத்து இல்லாத மாதத்தில் 'சரக், சரக்' என்று செடி வெட்டுகிற சத்தம் கேட்கும். பயந்தாங்கொள்ளிகளின் கதை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, என் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

லயத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. கங்காணி இராமையா அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ருக்குமணி, அஞ்சு வருஷம் ஆச்சும்மா. கருமாதி செஞ்சு அவன அனுப்பி வை. சோறு தண்ணி இல்லாம அலையிறான்."

"ஒடம்பக் காட்டுங்க, செய்றேன். அவரு உசுரோட இருக்காரு" என்றார் அக்கா. கழுத்துத் தாலியை முந்தானையால் மூடிக்கொண்டார். அந்தத் தாலிக்காக லயமே முதல் வருஷத்திலேயே அவரோடு பேச்சை விட்டிருந்தது. தண்ணீர்க் குழாயில் அவர் வாளி வைத்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துவிடுவார்கள். ஐந்து வருஷமாகத் தனியாளாய் அதைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

எண்பத்தொன்றில் ஒரு சனிக்கிழமை, ஜலால் பாய் கடை மூட்டையை நானும் அக்காவும் கிளறிக்கொண்டிருந்தோம். அக்கா கை சட்டென்று நின்றது. ஒரு சின்னப் பிள்ளையின் சுவெட்டர், மூன்று வயசுக்கு இருக்கும். பச்சை, அதோடு சாம்பல். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணியும் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது.

நாகப்பன் தன் பெரிய சுவெட்டரைப் பிரித்து, ஒரு சின்னப் பிள்ளைக்குப் பின்னியிருக்கிறார்.

"இது எங்க இருந்து வந்துச்சு பாய்?" என்றார் அக்கா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"கம்போங் ராஜா பக்கம், தங்கச்சி. காய்கறித் தோட்டத்துல ஒரு குடும்பம். புள்ள வளந்துட்டான்னு குடுத்தாங்க" என்றார் ஜலால் பாய்.

திரும்பி வரும் லோரியில் அக்கா அதை மடியிலேயே வைத்திருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, அப்ப பதினோராம் மலையில நிக்கிறது யாரு?"

அக்கா சுவெட்டரை நாலாக மடித்தார். "கங்காணிகிட்டச் சொல்லு பவளம். வெள்ளிக்கிழமை கருமாதி வச்சுக்கலாம். நீ பார்த்தத யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

உயிரோடு இருப்பவருக்குக் கருமாதி நடந்தது. தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். அக்கா அழவில்லை. எல்லோருக்கும் சேர்த்து நான்தான் அழுதேன். அதற்குப் பிறகு மலையில் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளைகளின் காய்ச்சலும் விட்டது. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். இன்றைக்கும் நினைத்தால் முதுகு சில்லிடுகிறது.

அந்த மாதமே அக்கா ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய், ஊசியை முன்பக்கமாக விடப் பழகினார். நாற்பது வயசில் கைப்பழக்கத்தை மாற்றுவது லேசு இல்லை. பின்னுவார், பிரிப்பார், மறுபடி பின்னுவார். அந்தச் சின்னச் சுவெட்டரையும் பிரித்து, நனைத்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். அந்தக் கல் மட்டும் பன்னிரண்டு நாள் நிற்காமல் சுற்றியது. நின்ற பிறகு, அதோடு புதுப் பச்சை நூலும் சேர்த்து, இரண்டு அளவு பெரிதாகப் பின்னி எடுத்து வைத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

எண்பத்து மூன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி ஆகியும் பனி விலகவில்லை. லயத்துக் கோடியில் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். பனிக்குள்ளிருந்து நாகப்பன் நடந்து வந்தார். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. கங்காணி இராமையா கையில் பேய் விரட்டும் உப்போடு வீட்டுக்குள் பின்வாங்கினார். நான் மட்டும் நாகப்பன் காலைப் பார்த்தேன். சிலிப்பரில் சிவப்புச் சேறு ஒட்டியிருந்தது. நடந்த இடமெல்லாம் தடம் விழுந்தது.

"ருக்கு, நாந்தான்" என்றார்.

அக்கா உள்ளே போனார். இலையில் சோறும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்து படியில் வைத்தார். அதன் பக்கத்தில், படையலுக்குத் துணி வைப்பதுபோல, மடித்த பச்சைச் சுவெட்டரை வைத்தார்.

"கருமாதி முடிஞ்சிருச்சு. வந்தவங்க சாப்பிட்டு, வச்சத எடுத்துக்கிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிரணும்."

நாகப்பன் என் பக்கம் திரும்பினார். "பவளம், நீயாச்சும் சொல்லு. நான் சாகல."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஐந்து வருஷம் குழாயடியில் தனியாக நின்ற அக்காவின் வாளி என் கண்முன் வந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

ஆனால் பலகை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் சோற்றைத் தொடவில்லை. சுவெட்டரை எடுத்தார். அதைப் புரட்டி, கண்ணிகளை விரலால் தடவினார். கழுத்தில் தடவினார், கையில் தடவினார், ஓரத்தில் தடவினார். எல்லாக் கண்ணியும் நேராக நின்றது. அக்காவை அதில் எங்கேயும் காணோம். அவர் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பனிக்குள் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.