ஏழாம் இலக்க வயர்

1992 மாரி தொடங்கியபோது உரும்பிராயில் மின்சாரம் நின்று இரண்டு வருடம் கடந்திருந்தது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் பராசக்தி ரீச்சர் வீட்டு ஜெனரேற்றரிலிருந்து பன்னிரண்டு வீடுகளுக்கு வயர் ஓடியது. பின்னேரம் ஆறரையிலிருந்து எட்டரை வரை, வீட்டுக்கு ஒரு ரியூப்லைற். மண்ணெண்ணெயை வீடுகள் முறை வைத்துக் கொண்டுவந்தன.

அதையெல்லாம் கவனித்தவர் சோமசேகரம். முன்பு வீடு வீடாகப் போய் மீற்றர் வாசித்தவர். எந்த வயருக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போனது, எப்போது நின்றது, எவ்வளவு இழுத்தது என்று ஒரு கொப்பியில் நாள் தவறாமல் எழுதினார். ஜெனரேற்றரடியில் ஒவ்வொரு வீட்டுப் பியூசையும் ஒரு கணம் கழற்றி, அங்கிருந்த மீற்றரின் முள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார். அதுதான் அந்த வீட்டுக் கணக்கு.

மழை தொடங்கிய வாரம், ஏழாம் இலக்க வயர் மற்றவற்றைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தது. அது செபஸ்தியம்மாவின் வீடு. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துப் பிழைத்தவர். தையல் மெசினுக்கு ஒளித்து மோட்டர் பூட்டியிருக்கிறார் என்று சோமசேகரம் முடிவு கட்டினார். ரீச்சர் வீட்டு முற்றத்தில், ஒழுங்கையாட்கள் எல்லோரும் நிற்க, கேட்டார்.

"உங்கடை வீடு மட்டும் ஏன் கூட இழுக்குது?"

"ஒரு லைற்றுத்தான் அண்ணை எரியுது. மெசின் காலாலை மிதிக்கிறது. வந்து பாருங்கோவன்."

"இருபது வருசம் மீற்றர் பாத்தவன் நான். முள்ளு பொய் சொல்லாது."

போய்ப் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலை செபஸ்தியம்மாவின் கூரையோரம் ஏணி வைத்து வயரை வெட்டினார். அந்தப் பெண் வாசலில் நின்று பார்த்தார்.

அன்று பின்னேரம் வழக்கம்போல ஏழாவது பியூசைக் கழற்றினார். முள் இறங்கியது. விளக்கே இல்லாத வீட்டுக்கு இன்னும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வழியில் நின்ற முருங்கை மரத்தடியில் அந்த வயரை ஒட்டுப் போட்டவர் அவரே. வயர் சுற்றும் ரேப் கிடைக்காத காலம், பொலித்தீன் பையால் சுற்றியிருந்தார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, கரண்ட் அங்கேயே கசிந்துகொண்டிருந்தது.

கொப்பியில் அன்றைய கணக்கை எழுதப் பேனையை எடுத்தவர், ஏழாம் இலக்கத்துக்கு நேரே பூச்சியம் போட்டார். அப்படிப் பொய் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. விடிந்ததும் ஒருவரும் காணாமல் போய் ஒட்டைச் சரி செய்தார்.

மூன்றாம் நாள் ரீச்சர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களே, வெட்டின உடனை சரிவந்திட்டுது. நீங்கள் இல்லாட்டில் ஆர் கண்டுபிடிக்கிறது?" என்றார். சோமசேகரம் வாங்கிய தேத்தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"ரீச்சர், அது நான் எழுதின பொய். பிழை என்ரை ஒட்டிலை. அந்த மனிசி ஒண்டும் செய்யேல்லை."

குற்றம் சாட்டிய அதே முற்றத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், அன்று பின்னேரம் அதைத் திரும்பவும் சொன்னார். செபஸ்தியம்மா பெருவிரலில் சீலைத்துண்டு சுற்றியிருந்தார். ஜாம்போத்தலில் செய்த மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தைத்தபோது ஊசி ஏறியதாம்.

"வந்து பாருங்கோ எண்டு சொன்னனான். பத்தடி தூரம் தானே, அண்ணை," என்றார்.

வயரைத் திரும்பப் பூட்ட வேறு ஆளை அனுப்பும்படி ரீச்சரிடம் சொன்னார் சோமசேகரம். அந்த வாசலை மிதிக்க அவருக்குக் கால் வரவில்லை. வந்த பெண் குருநகராள் இல்லாமல் ஊராளாக இருந்திருந்தால் முதலில் வயரைத்தானே பார்த்திருப்பேன் என்று பிறகொரு நாள் என்னிடம் சொன்னார். சொல்லும்போது நிலத்தைத்தான் பார்த்தார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்க, எங்கள் பகுதியான வலிகாமமே எழும்பி நடந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், இடமில்லாமல் பெண்சாதியுடன் கதவடியில் நின்ற சோமசேகரத்தைச் செபஸ்தியம்மா கண்டார். விரித்திருந்த பாயைப் பாதியாக மடித்து இடம் விட்டார்.

"இஞ்சாலை வாங்கோ, அண்ணை. அக்காவையும் இருக்கச் சொல்லுங்கோ."

சோமசேகரம் போய் இருந்தார். அங்கே இருந்த பதினொரு நாளும் அவர் அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.