சித்தியின் உதட்டுக்குச் செய்த வைத்தியங்கள்

தாமலிலிருந்து சித்தி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது ஆவணியில். மார்கழி பிறந்ததும் அவர் உதடு வெடித்துவிட்டது. முதலில் நடுவில் ஒரு கோடு விழுந்தது. பிறகு சிரித்தாலே ரத்தம் கசியும் அளவுக்குப் போனது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் அவரால் பேசவே முடியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எது கேட்டாலும் கையை ஆட்டித்தான் பதில் சொல்வார்.

இதெல்லாம் எனக்குத் தெரியக் காரணம், நான் அவரோடு படுத்திருந்ததுதான். சித்தப்பாவுக்கு ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அந்தக் குளிர்காலம் முழுக்க நைட் ஷிப்ட். புதுப்பெண்ணைத் தனியாகப் படுக்கவிடக் கூடாது என்று, மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். திருடன் வந்தால் நான் என்ன செய்வேன் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னால் தறிக்கூடம். அதில் தறி போக மிச்சமிருந்தது ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் இடம்தான். அதைத் தாண்டினால் சித்தப்பாவின் அறை, பிறகு நாங்கள் இருந்த அறை, சமையலறை. கடைசியாக ஒரு குறுகலான நடை. அதன் முடிவில் பின்கதவும், கதவுக்கு வெளியே கழிவறையும். அப்பா மற்ற மாதங்களில் மொட்டை மாடியில் படுப்பார். பனி இறங்கினால் இருமல் வந்துவிடும் என்று மார்கழியில் மட்டும் நடையில் பாய் போட்டுக்கொள்வார். பகலெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து மிதிக்கிறவருக்கு இரவில் காலை நன்றாக நீட்டினால்தான் தூக்கம் வரும். நடை முழுவதும் அப்பாவாகிவிடும். அவசரம் என்றால் நான் அவரைத் தாண்டிக் குதித்துத்தான் போவேன். வேட்டியில் கால் பட்டால் “யாரது?” என்பார். “நான்தாம்பா” என்றால் மறுபடி குறட்டை கிளம்பும்.

சித்தியின் உதட்டுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அம்மா வெண்ணெய் தடவினார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு பேசும் அம்மாள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தால் உதடு ஆறும் என்றார். அதையும் செய்தார்கள். சித்தப்பா செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, அறைக்குள் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் காற்றின் வறட்சி போய்விடும் என்றார். அந்த வாளிக்குள் என் கால் போனதுதான் மிச்சம்.

அப்பாவும் தன் பங்குக்குச் சொன்னார். சித்தியிடம் நேராகச் சொல்லவில்லை. இருவரும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததில்லை. அப்பா உள்ளே வந்தால் சித்தி கதவுக்குப் பின்னால் போய்விடுவார். அதனால் தறியில் உட்கார்ந்தபடியே அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார்.

“உடம்புல தண்ணி இல்ல. அதான் வெடிக்குது. அந்தப் பொண்ண நல்லா தண்ணி குடிக்கச் சொல்லு.”

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. தினமும் படுக்கும்போது ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோய்ச் சித்தியின் தலைமாட்டில் வைத்தேன். “வெச்சிட்டுப் படும்மா, குடிக்கிறேன்” என்பார். காலையில் பார்த்தால் சொம்பு அப்படியே இருக்கும். கேட்டால், பனிக்காலத்தில் தாகமே எடுப்பதில்லை என்பார். விளக்கு வைத்த பிறகு அவர் டீகூடக் குடிப்பதில்லை. சாப்பாட்டில் ரசம் வேண்டாம், மோர் வேண்டாம். தாமலில் அப்படித்தான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் வெச்சா மட்டும் குடிக்கமாட்டீங்க இல்ல?” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். சித்தி எழுந்து உட்கார்ந்து சொம்பைத் தூக்கினார். இடையில் மூச்சு விடவில்லை. கழுத்தில் தண்ணீர் வழிய வழிய மொத்தத்தையும் குடித்துவிட்டு, “போதுமாடி?” என்றார். தாகமே எடுக்காதவர் குடிப்பதுபோல இல்லை.

விடிவதற்குச் சற்று முன் நான் விழித்தபோது அவர் சுவரில் சாய்ந்து, முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

“ஏன் சித்தி தூங்கல?”

“கோயில்ல பாட்டு போடுவாங்க இல்ல? அதுக்குதான் உக்காந்துக்கினு இருக்கேன். நீ தூங்கு.”

சொல்லி வைத்தாற்போலக் கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. பாட்டுச் சத்தத்தில் அப்பா எழுந்து, இருமி, பாயைச் சுருட்டிவிட்டு டீக்கடைக்குப் போனார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதுதான் தாமதம், சித்தி பின்பக்கம் ஓடினார். குளித்துவிட்டுச் சாமி கும்பிடத்தான் அவ்வளவு அவசரம் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதிர்வீட்டில் சொன்னார். தெரு முழுக்க, “தாமல் பொண்ணுக்கு என்னா பக்தி பாரு. பாட்டு போடறதுக்கு முன்னயே எழுந்து காத்துக்கினு இருக்குதாம்” என்று பேசிக்கொண்டார்கள். சித்தி மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள், ராட்டையில் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த சித்தி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். நூல் அறுந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, ஆனால் பல் கிட்டித்து நடுங்கினார். அம்மா அவரை ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். வீட்டில் விட்டால் தறியில் கைவைப்பேன் என்று என்னையும் இழுத்துப்போனார்.

லேடி டாக்டர் சித்தியின் புறங்கையைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய தோல் மடித்த துணிபோல அப்படியே நின்றது.

“தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா நீ? நைட்ல ஒன்னுக்கு வந்தா போவியா?”

சித்தி அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “விடியறவரைக்கும் அடக்கிக்கினு இருப்பேன்மா.”

“ஏன், வீட்ல பாத்ரூம் இல்லியா?”

“இருக்குதுமா. வழியில பெரியவரு படுத்துக்கினு இருக்காரு. அவர எப்படித் தாண்டறது?”

இதற்குப் போயா இத்தனை பாடு என்று எனக்கு ஆச்சரியம். “ஈசியா தாண்டலாம் சித்தி! நான் தாண்டறேன் இல்ல?” என்றேன். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அம்மா மட்டும் என் தொடையை அழுத்திப் பிடித்தார்.

அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து, அது காய்ச்சலாக முற்றியிருக்கிறது, இன்னும் விட்டிருந்தால் கிட்னியைத் தொட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சித்தியின் உதட்டில் வைத்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

“எப்படிக்கா சொல்றது? நல்லவருக்கா அவரு. எழுந்து வேற இடத்துல படுங்கன்னு சொல்ல முடியுமா?”

வீடு திரும்பியதும் அம்மா தறிக்கூடத்துக்குப் போய் அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. தறிச் சத்தம் நின்றது. அன்றைக்கு அப்பா நடையிலிருந்த தன் பாயையும் போர்வையையும் தானே எடுத்துக்கொண்டு போய்த் தறிக்கும் சுவருக்கும் இடையில் விரித்தார்.

சித்தி குணமாகி வந்தார். நான் வைத்த சொம்பு இப்போது காலையில் காலியாக இருந்தது. உதடும் ஆறியது. ஆனால் கோயில் பாட்டு முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. காய்ச்சலில் பக்தி போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அதைவிட வருத்தம் அப்பாவைப் பற்றியது. அம்மா ஏதோ சொல்லித்தான் அவர் அங்கே போனார், எனவே இருவருக்கும் சண்டை என்று முடிவு செய்திருந்தேன். ஒருநாள் விளக்கணைப்பதற்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“அம்மாகூட சண்டையாப்பா?”

“சண்டையா? யார் சொன்னது?”

“அப்புறம் ஏன் இங்க படுத்துக்கினு இருக்கீங்க?”

அப்பா இருமி முடித்துவிட்டுச் சிரித்தார். “இங்கதாம்மா காலை நல்லா நீட்டிப் படுக்க முடியுது.”

தறிக்காலுக்கும் சுவருக்கும் நடுவே, முழங்கால் நெஞ்சில் இடிக்கச் சுருண்டுகொண்டுதான் இதைச் சொன்னார். பெரியவர்கள் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன் என்று அந்த வயதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. இதையும் அங்கேயே கண்டுபிடித்துவிட்டேன். எதற்காகச் சொல்கிறார் என்பதுதான் புரியவில்லை.