மூன்றாவது இராசாவின் முகம்

நான் பொய் சொன்னேன். அதுவும் கோயிலுக்குள், பூசை முடிந்த கையோடு, பங்குச் சுவாமியாருக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்! எங்கள் பீடத்தின் பின்சுவரில் மூன்று இராசாக்களும் இன்று அவ்வளவு வடிவாக நிற்பதற்கு அந்தப் பொய்தான் காரணம். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... முகத்தைச் சுளிக்காமல் கேளுங்கள்.

இத்தாலியில் இருக்கும் என் தங்கையிடம் போயிருந்தேன். அவள் என்னைப் புளோரன்ஸ் நகருக்குக் கூட்டிப்போய், அந்நகரை ஒருகாலத்தில் ஆண்ட குடும்பத்தின் மாளிகையைச் சுற்றிக்காட்டும் குழுவில் சேர்த்துவிட்டாள். மறுமலர்ச்சிக் காலத்து ஓவியர்களுக்கெல்லாம் சோறு போட்டு வளர்த்த குடும்பமாம். வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, தங்கை தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். மாளிகைக்குள்ளேயே ஒரு சிற்றாலயம். அதன் சுவர் முழுக்க, பாலன் யேசுவைக் காணப் போகும் மூன்று இராசாக்களின் ஊர்வலம்... குதிரை என்ன, பட்டு என்ன, பொன் என்ன!

“உதில இராசாக்களோட இராசாவாப் போறது ஆரெண்டு தெரியுமே அக்கா? காசு குடுத்த வீட்டுக்காரர்தானாம்!” என்று சிரித்தாள்.

நன்றாகவே கேட்டது. மொழி புரியவில்லை என்று தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஊர் திரும்பினால், முல்லைத்தீவுக் கரையில் எங்கள் கோயிலிலும் அதே மூன்று இராசாக்களைத் தீட்டப்போகிறார்களாம். செலவு முழுவதும் சம்மாட்டியார் அந்தோனிப்பிள்ளையுடையது. கரைவலையும் படகும் அவருடையவை. அந்த வலையை இழுப்பவர்களில் ஒருவர் என் கணவர் யேசுதாசன். சம்மாட்டியார் இராசாவாகும் ஆசையில் மீசைக்குச் சாயம் பூசிப் படமும் எடுத்துவிட்டார்!

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் சுவாமி என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். “இத்தாலியில பாத்ததை எல்லாருக்கும் சொல்லுங்கோ. அங்க ஆற்ற முகத்தை வைச்சுக் கீறினவை?”

முன்வரிசையில், கதிரை நுனியில் சம்மாட்டியார். பின்னால் தூணோரம் என் கணவர், வலைக்கயிறு உரசிக் காய்த்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு... என் வாய்க்கு என்னதான் வந்ததோ!

“அந்தக் குடும்பம் தங்கட முகத்தை வைக்கேல்லை சுவாமி. தங்களுக்காகப் பாடுபட்ட தொழிலாளியளின்ர முகத்தைத்தான் வைச்சவை.”

சம்மாட்டியார் மெல்ல எழுந்தார். “அப்ப நாங்களும் அப்பிடியே செய்வம்! அவையளுக்கு நான் என்ன குறைஞ்சவனே?”

கைதட்டல்!

வலை இழுக்கும் மூவர் இராசாக்களானார்கள். மூன்றாவது இராசா என் கணவர். நியாயத்துக்காகச் சொன்னேனா, என் வீட்டுக்காரருக்கு முடிசூட்டச் சொன்னேனா? மழுப்பி என்ன பயன்... அவர் முகத்தை நினைத்துத்தான் சொன்னேன். அவரோ இப்போது பூசைக்குப் போகுமுன் இரண்டுதரம் தலை வாருகிறார்! சம்மாட்டியார் வருவோர் போவோரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து சுவரைக் காட்டுகிறார். சுவாமி இதை வைத்து ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். அவரிடம் போய் நான் எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வேன்?

பிறகு சம்மாட்டியாரின் மனைவி றோசலின் அக்கா, மகனைப் பார்க்க இத்தாலி போனார். அதே மாளிகைக்கும் போனாராம்! கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் திரும்பிவந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் சம்மாட்டியார் கேட்டார். “இஞ்சாரும், இந்தப் பிள்ளை சொன்னது சரிதானே?”

அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். “ஓம். அவள் சொன்ன மாதிரியேதான் கிடக்கு.”

சனம் கலைந்ததும் என்னிடம் வந்தார். நான் அழுதேவிட்டேன். “அக்கா, நான் சம்மாட்டியாரிட்டச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறன்...”

“வாயைத் திறந்தியோ, தெரியும்!” என்றார் அக்கா. “உந்த மனுசன் தன்ர சீவியத்தில தானா விரும்பி விட்டுக்குடுத்தது உது ஒண்டுதான். அதையும் நீ பறிக்கப்போறியோ?”

இப்போதும் சம்மாட்டியார் யாரிடமாவது அந்தக் கதையைத் தொடங்கினால் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார். “ஓம் ஐயா” என்று தலையாட்டுகிறேன். நேற்றும் ஆட்டினேன்...