அப்பா படித்த விமானிகள்

என் அப்பா சிங்காரவேலு எதையும் லேசில் நம்ப மாட்டார். யூரியா மூட்டையைப் பிரித்தால் ஒரு கை அள்ளி நெருடிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று காலண்டரைத் திருப்புவார்.

அந்த ஆண்டு ஆனியில் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை நெல் போடாமல் சும்மா இருந்த அப்பா கிளை நூலகத்துக்குப் போனார். உலகப்போரில் விமானம் ஓட்டிய இளைஞர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் தமிழில் மூன்று இருந்தன. யாரும் எடுக்காததால் கிழியாமல் இருந்த புத்தகங்கள் அவைதான்.

"இந்தப் பையனப் பாரு பூர்ணிமா," என்று என்னைக் கூப்பிட்டார். "செவ்வாக்கிழமை இஞ்சின்ல தீப்பிடிச்சு காட்டுல வந்து விழுந்திருக்கான். புதன்கிழமை அம்மாவுக்கு என்ன எழுதுறான்? நல்ல ஓய்வாம், சாப்பாடு அருமையாம்!"

மற்ற இரண்டிலும் அப்படித்தான். இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள். புத்தகத்தில் உண்மை சொன்னவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் பொய் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவதை மார்கழியில் முடித்தார். அன்றே டிரங்குப் பெட்டியைத் திறந்து அரவிந்தன் அண்ணனின் கடிதங்களை வெளியே எடுத்தார். அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். சாப்பாடு அருமை, ஞாயிறு ஓய்வு என்றுதான் எழுதுவான். தீபாவளிக்குப் பிறகு எழுத்து வேறு மாதிரி இருந்தது. படுத்துக்கொண்டு எழுதுவதாகக் காரணமும் சொல்லியிருந்தான்.

"படுத்துக்கிட்டு எழுதுனா வரி கோணும். இது நேரா இருக்கு."

"பெத்த புள்ள லெட்டரையே போலீஸ் மாதிரி பாக்குறீங்களே," என்றாள் அம்மா.

பொங்கல் முடிந்ததும் அப்பா அண்ணனுக்கு எழுதினார்: 'இந்தத் தையில் குறுவை நட்டாச்சு. பயிர் நல்லா நிக்குது.'

எனக்குச் சிரிப்பு வந்தது. தை, சம்பா அறுக்கிற மாதம். குறுவை நடுவது ஆனியில். நாற்றுக்கட்டு சுமந்து வளர்ந்த அண்ணனுக்கு அது தெரியாதா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"தெரியும். படிச்சான்னா என்னைத் திட்டி எழுதுவான். எழுதட்டும்."

மாசியில் பதில் வந்தது: 'குறுவை நட்டது ரொம்ப சந்தோஷம் அப்பா.'

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேரே டெலிபோன் பூத்துக்கு நடந்தார். நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடினோம். விடுதியில் போனை எடுத்தவன் அண்ணனின் அறைத் தோழன் மூஸா, நாகூர்க்காரன்.

"தம்பி, என் மகன் உயிரோட இருக்கானா? அத மட்டும் சொல்லு."

"அய்யோ, இருக்கான்ப்பா! வலது கைதான். இரும்புத் தகடு விழுந்துருச்சு. அவன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். இப்ப ரெண்டாவது ஆபரேஷனுக்குப் போயிருக்கான். லேட்டானா பயப்படுவீங்கன்னு இந்த லெட்டர நானே எழுதிட்டேன். எப்படிப்பா கண்டுபுடிச்சீங்க?"

"நீ வயல்ல எறங்குனதில்ல தம்பி."

அடுத்த ஞாயிறு அண்ணனே பேசினான்.

"கை எப்படிடா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"எத்தனை வெரல் மடங்குது?"

"ரெண்டுப்பா."

"இது உண்மை," என்று சொல்லி ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தார்.