சாரலில் உப்பிய பலகை

சென்ற ஆனி மாதம், மேலகரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு மாடுலர் கிச்சன் பார்க்கத் தென்காசிக் கடைக்குப் போனோம். இருப்பதிலேயே மலிவானதைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் முன்பணம் கட்டுவதாக ஏற்பாடு. நிறம் பொருந்துமா என்று பார்க்க ஒரு பலகைத் துண்டை வாங்கிவந்து, சமையலறையின் மேற்கு ஜன்னலில் வைத்தோம். இரவெல்லாம் சாரல் அடித்தது.

காலையில் மனைவி கூப்பிட்டாள். "இங்கன வந்து பாருங்க, இட்லி மாதிரில்லா உப்பிக் கெடக்கு!"

துண்டைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினோம்.

"ஜன்னல மூடி வச்சா ஒண்ணும் ஆவாது, அண்ணாச்சி" என்றார்.

"சாரலுக்கு ஜன்னல மூடவா மேலகரத்துல வீடு கட்டுனோம்?" என்றாள் மனைவி.

அதே செலவுக்குள், தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் கீழ் அலமாரிகளை மட்டும் செய்துகொண்டோம். இப்போதெல்லாம் எந்தப் பலகையானாலும் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்த பிறகுதான் நிறத்தைப் பற்றிப் பேசுகிறேன்.