செரானோக்களின் கூழ்

ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு பழங்குடியைப் பற்றிப் பேச ரீச்சர் சீட்டுக் குலுக்கியபோது எனக்கு விழுந்தவர்கள் செரானோ மக்கள், கலிபோர்னியா மலைநாட்டுப் பழங்குடிகள். தோழிக்குப் பனிவீடு கட்டுகிறவர்கள் கிடைத்தார்கள். என்னுடையவர்களோ ஓக் கொட்டையை இடித்து, கசப்புப் போகும்வரை தண்ணீரில் அலசி, கூழ் காய்ச்சிக் குடித்தவர்கள். அந்தக் கூழையே வகுப்புக்குக் கொண்டுவருவேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன்.

அந்த வருடம்தான் சண்டைக்குத் தப்பி வன்னியை விட்டு வந்து எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா உடனே என் கட்சியில் சேர்ந்தார். பிரெஞ்சு பேசும் வில்லரேயில் எங்கள் வீட்டருகே இருந்த பூங்காவில் அணில்களோடு போட்டி போட்டு ஒரு பை ஓக் கொட்டை பொறுக்கினோம். யாராவது உற்றுப் பார்த்தால் "போன்ஜூர்" என்பார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். இடித்த மாவைத் தலையணை உறையில் கட்டிக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டோம். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் சித்தப்பா ஒரு கிள்ளு வாயில் போட்டு முகத்தைச் சுளிப்பார்.

"இன்னும் கயர்க்குது. நாளைக்குப் பாப்பம்."

"அப்ப நாளைக்கும் நாங்கள் ஊத்தையோடதான் வேலைக்குப் போறதோ?" என்று அம்மா கத்தினார்.

மூன்றாம் நாள், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக் களைத்து வந்த அப்பா, ஊறுவது அழுக்குத் துணி என்று நினைத்து, மூட்டையைத் தன் சீருடையோடு வாஷிங் மெசினில் போட்டுவிட்டார். உள்ளே முடிச்சு அவிழ்ந்தது. மெசின் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. சீருடை காவி நிறமாக வெளியே வந்தது.

"அண்ணை, சாமியாராப் போறதுக்கு உடுப்பு ரெடி" என்றார் சித்தப்பா.

நான் அழுத அழுகையில் அம்மா அலுமாரியைத் திறந்து, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை எடுத்தார். "இதுவும் கயர்தான். இதையும் ஊறவைச்சுத்தான் காய்ச்சிறது. ஆருக்குத் தெரியப்போகுது?"

அடுத்த நாள் வகுப்பில் ரீச்சர் இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்து, ஓக் காட்டின் வாசனையே வருகிறது என்று கண்ணை மூடினார். நான் "மெர்சி" என்று நன்றி சொன்னேன்.

அன்று பின்னேரம், ரீச்சர் தந்த செரானோப் புத்தகத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லச் சொன்னார் சித்தப்பா. நரிக்கூட்டம், காட்டுப்பூனைக்கூட்டம் என்று அவர்கள் இரண்டு பகுதி, சொந்தப் பகுதிக்குள் கலியாணம் கட்டமாட்டார்கள் என்றதும், "நல்ல பழக்கம்" என்று தலையாட்டினார். நான் அடுத்த வரிக்குப் போனேன்: பிறகு வெள்ளைக்காரர் வந்தார்கள், செரானோக்கள் மலையை விட்டு இறங்கினார்கள்.

"ஏன் இறங்கினவை?"

"அது இதில இல்லை."

"பேந்து திரும்பிப் போனவையோ?"

"இல்லை சித்தப்பா, அடுத்த பக்கம் கூடை பின்னுறது."

சித்தப்பா சிரித்தார். பிறகு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடைப் படம் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, பக்கத்தைத் திருப்பிப் புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன்.