அய்யாவுக்காக அணைத்த சூடம்

மாலையில் அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் அய்யா எழுந்து வந்து வாசலை மறித்து நிற்பார். கும்பிட மாட்டார். சுடர் நிலைத்ததும் போய்விடுவார். அவர் காற்றை மறைத்தார் என்பது எனக்குப் புரியப் பல வருடமாயிற்று.

என் அய்யா மூக்கையா, சிக்கல் என்ற ஊரில் கொஞ்சம் நிலம் வைத்து உழுத சம்சாரி. நாடு விடுதலை பெற்ற வருடத்து மழைக்காலத்தில் கண்மாய்க் கரை உடைந்தது. கூலிக்காரத் தவசிதான் வெட்டிவிட்டான் என்று அவனை ஊரைவிட்டு விலக்கப் பார்த்தார்கள். நண்டு வளையால் கரை உடைந்ததை நேரில் கண்டவர் அய்யா ஒருவரே.

அய்யனார் கோயிலில் ஊர்க்கூட்டம். சாட்சி சொல்கிறவர் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்வது வழக்கம். அய்யா மறுத்தார்.

"நாத்திகப் பய சொல்லுக்கு என்ன பிடிமானம்?" என்றார் ஊர்த் தலைவரான அம்பலம் வீரபத்திரன். "கை சுட்டுரும்னு பயமாலே?"

"நம்பாத சாமி மேல சத்தியம் பண்ணுனா அதுதான் பொய்யி. தவசி வெட்டல. நான் பாத்தேன். அம்புட்டுத்தான்."

அம்மா சேதுலட்சுமி, இரண்டு வயதுப் பிள்ளையான என்னை இடுப்பிலிருந்து இறக்காமலே முன்னால் வந்தாள். "அவரு பேச்சுக்கு நான் அணைக்கிறேன். பொய்யின்னா இந்தப் பிள்ளைய அய்யனாரு எடுத்துக்கிறட்டும்."

அணைத்தாள். தவசி ஊரிலேயே இருந்தான்.

மதுரையில் கல்லூரியில் படிக்கும்போது அந்த 'நாத்திகன்' என்ற சொல்லைத் தேடினேன். 'நாஸ்தி', அதாவது இல்லை, என்ற வடசொல்லில் பிறந்தது. வேதத்தை ஏற்காதவரையும் மறுவுலகம் இல்லை என்றவரையும்கூட ஒருகாலத்தில் அப்படி அழைத்திருக்கிறார்கள். கிரேக்கத்திலும் கடவுளற்றவன் என்பது ஏச்சாகவே புழங்கியிருக்கிறது. பெரும்பாலும் பிறர் சூட்டிய பெயர். விடுமுறையில் அய்யாவிடம் இதைச் சொன்னேன்.

"ஏச்சா இருந்தா இருக்கட்டும். எனக்குப் பொருந்துதுல்ல," என்றார்.

வேலைக்கான நேர்முகத்துக்கு, கேட்பவர் பக்திமான் என்று அறிந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிப் போனவன் நான். எதை நம்புகிறேன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. இந்த மனிதரின் மகன் என்பதில் மட்டும் பெருமை குறையவில்லை.

அன்று சூடம் அணைத்ததற்குப் பதிலாக அம்மா ஒன்றுதான் கேட்டிருந்தாள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல்லாய் நிற்கும் நவபாஷாணத்துக்கு அய்யா தன்னோடு வர வேண்டும்.

"வாரேன். கும்பிட மாட்டேன்."

"யாரு கும்பிடச் சொன்னா? பாசி வழுக்கும். கையப் பிடிச்சாப் போதும்."

ஒரு வருடம் விதைப்பு வேலை, ஒரு வருடம் வறட்சி என்று தள்ளிப்போனது. அறுபத்தைந்தாம் வருடம் அய்யா இறந்தார். நான் கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

"அது அவரு பட்ட கடன்லே. நீ எதுக்கு?" என்றாள் அம்மா.

அவள் இன்னும் தேவிபட்டினம் போகவில்லை.